பூண்டி நீர்த்தேக்கம்: சென்னைக் குடிநீர் வரலாற்றில் அணைக்கட்டும் விரிவாக்கமும் (1866–2020)

ஆய்வுச் சுருக்கம்

சென்னை மாநகரின் குடிநீருக்கென்றே ஓர் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட முதல் பெரிய நீர்த்தேக்கம் பூண்டியாகும். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1940-இல் தொடங்கி 1944-இல் நிறைவுற்ற இந்நீர்த்தேக்கம், கிருஷ்ணா நீரைப் பெறும் பொருட்டுப் பின்னர் விரிவாக்கப்பட்டது. 1866-ஆம் ஆண்டுத் திட்டம் முதல் இவ்விரிவாக்கம் வரையிலான வளர்ச்சியை இக்கட்டுரை ஒரே வரிசையில் வைத்து ஆராய்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் 'வீணாகும் நீர்' என்னும் கருத்தே திட்டத்திற்கு நியாயம் வழங்கியது. எந்த நீர் வீண் என்பதை நகரின் தேவையே வரையறுத்தது. கட்டப்பட்டபோது ஓர் ஆற்றின் வெள்ளத்தைத் தேக்கிய பூண்டி, விரிவாக்கத்திற்குப் பின் வேறோர் ஆற்றின் நீரையும் தாங்கும் இடைநிலைக் கலமாக மாறியது என்பதும், அம்மாற்றத்தால் சென்னை நெடுந்தொலைவுக் கால்வாய் ஒன்றின் கடைமடைப் பயனாளியாயிற்று என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: பூண்டி, கொசஸ்தலை ஆறு, புழல், குடிநீர், சத்தியமூர்த்தி, திருவெண்பாக்கம், கிருஷ்ணா நீர், ஆயக்கட்டு, கடைமடை.

1. முன்னுரை

சென்னை மக்கள் பேச்சில் பூண்டி ஓர் 'ஏரி'. அரசு ஆவணங்களில் அது சத்தியமூர்த்தி சாகர் என்னும் நீர்த்தேக்கம். பொறியியல் நோக்கில் அது ஆற்றின் குறுக்கே மண்கரையும் மதகுகளும் கொண்டு எழுப்பப்பட்ட அணை. இம்மூன்று பெயர்களுக்கும் இடையேயுள்ள வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. தொண்டை மண்டலத்தில் ஏரி என்பது பாசனத்திற்கான அமைப்பு. அதற்குக் கரை உண்டு, மதகு உண்டு, மிகைநீர் வழியும் கலிங்கு உண்டு. அனைத்திற்கும் மேலாக அதன் நீருக்கு உரிமையுடைய ஆயக்கட்டு உண்டு. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. ஏரியைப் பேணுவது ஊர் நிர்வாகத்தின் தனிப் பொறுப்பாக இருந்ததற்கு இது சான்றாகும்.

இன்று சென்னையில் 'ஏரிகளின் நீர் இருப்பு' என்று நாள்தோறும் வெளியிடப்படும் கணக்கில் இடம்பெறும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகியவை முதன்மையாகக் குடிநீர்த் தேக்கங்களாகவே கருதப்படுகின்றன. ஏரி என்னும் சொல் நிலைத்திருக்க, அச்சொல்லுடன் இணைந்திருந்த ஆயக்கட்டு பார்வையிலிருந்து மறைந்துவிட்டது. இம்மறைவு எவ்வாறு நிகழ்ந்தது என்பதைப் பூண்டியின் கட்டுமானம், விரிவாக்கம் ஆகியவற்றை மையமாகக் கொண்டு இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

2. பாசன ஏரிகள் நகரின் தேக்கங்களாதல்

சென்னையின் முறைப்படுத்தப்பட்ட நீர் வழங்கல் 1772-இல் ஏழு கிணறு நீர்ப்பணியுடன் தொடங்கியது. அது பெரிதும் புனித ஜார்ஜ் கோட்டையின் தேவைக்காக அமைந்தது. நகர மக்கள் வீட்டுக் கிணறுகளையும் கோயில் குளங்களையும் சார்ந்தே வாழ்ந்தனர். நகரம் முழுமைக்குமான திட்டம் ஒன்றை 1866-ஆம் ஆண்டளவில் பொதுப்பணித் துறையைச் சேர்ந்த பொறியாளர் ஃபிரேசர் முன்வைத்தார்.

அத்திட்டத்தின் அமைப்பு எளியது. நகரின் வடமேற்கே தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே கல்லணை ஒன்று கட்டப்படும். அதனால் திருப்பப்படும் நீர் கால்வாய் வழியாகச் சோழவரம் ஏரிக்கும், அங்கிருந்து புழல் ஏரிக்கும் செல்லும். புழலிலிருந்து திறந்த மண் கால்வாய் வழியாக, நிலச்சரிவின் துணையால் மட்டுமே, கீழ்ப்பாக்கம் வரை வந்து நகருக்குள் பகிரப்படும். 1872-இல் இவ்வழங்கல் நடைமுறைக்கு வந்தது.

இத்திட்டத்திற்கெனப் புதிய தேக்கம் எதுவும் தோண்டப்படவில்லை என்பது கவனத்திற்குரியது. சோழவரமும் புழலும் முன்பே இருந்த ஏரிகள். தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களுள் ஒன்று புழல் கோட்டம் என வழங்கியதே அப்பகுதியின் தொன்மையைக் காட்டும். அவ்வேரிகளின் கரைகள் உயர்த்தப்பட்டு, கொள்ளளவு பெருக்கப்பட்டு, ஆற்றுநீர் அவற்றுக்குத் திருப்பப்பட்டது. எனவே சென்னைக் குடிநீர் வரலாற்றில் 'விரிவாக்கம்' என்பது கட்டுமானத்திற்குப் பிந்திய செயல் அன்று. அது தொடக்கத்திலேயே அமைந்தது. கரை உயர்ந்தபோது ஏரியின் கொள்ளளவு மட்டும் மாறவில்லை. அதன் நீர் யாருக்குரியது என்பதும் மாறியது.

திட்டத்தின் நியாயம் ஆற்றின் இயல்பைச் சார்ந்திருந்தது. கொசஸ்தலை ஆறு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறன்று. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சில நாள்கள் பெருக்கெடுத்து எண்ணூர் அருகே கடலில் கலந்துவிடும். எஞ்சிய மாதங்களில் மணற்படுகையாகக் கிடக்கும். கடலில் சேரும் அவ்வெள்ளம் வீண் என்பதே பொறியாளரின் கணக்கு. இக்கணக்கே அடுத்த நூறாண்டுகளுக்கு மேலாக ஒவ்வொரு திட்டத்திலும் மீண்டும் மீண்டும் தோன்றக் காணலாம்.

3. மதிப்பீடும் மக்கள்தொகையும்

1872-இல் வந்த நீர் வடிகட்டப்படாத நீர். திறந்த மண் கால்வாயில் வந்த அந்நீர் அப்படியே குழாய்களில் செலுத்தப்பட்டது. இந்நிலையை மாற்றியவர் பொறியாளர் ஜே. டபிள்யூ. மேட்லி. புழலிலிருந்து மூடிய செங்கல் கால்வாய், கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள், நிலத்தடித் தூயநீர்த் தொட்டி, நீரேற்று நிலையம் ஆகியவற்றைக் கொண்ட அவரது திட்டம் நிறைவேறி, கீழ்ப்பாக்கம் நீர்ப்பணி நிலையம் 1914 டிசம்பரில் திறக்கப்பட்டது.

மேட்லியின் திட்டம் 1961-ஆம் ஆண்டில் நகரின் மக்கள்தொகை 6.6 லட்சமாக இருக்கும் என்றும், ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 காலன் நீர் தேவை என்றும் கொண்டு வகுக்கப்பட்டது. இதன்படி நாள் தேவை 1.65 கோடி காலன், அதாவது ஏறத்தாழ 7.5 கோடி லிட்டர். மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் இம்மதிப்பீட்டைப் பொய்யாக்கின. 1931-இலேயே நகரின் மக்கள்தொகை 6.47 லட்சத்தை எட்டியது, 1941-இல் 7.77 லட்சமாயிற்று. 1961-ஆம் ஆண்டுக்கென வகுக்கப்பட்ட அளவை நகரம் முப்பதாண்டுகள் முன்னதாகவே நெருங்கிவிட்டது.

வடிகட்டிகளும் குழாய்களும் நீரைத் தூய்மையாக்கவும் பகிரவும் வல்லவை. நீரைப் பெருக்க வல்லவையல்ல. மூலநீரோ தாமரைப்பாக்கத்தில் திருப்பப்படும் அளவையே சார்ந்திருந்தது. அவ்வணை ஆற்றைத் திருப்பும் அமைப்பே தவிர, தேக்கும் அமைப்பன்று. வெள்ளம் வந்த சில நாள்களில் கால்வாய் எவ்வளவு ஏற்குமோ அவ்வளவே சோழவரத்திற்கும் புழலுக்கும் சென்றது. மிகுதி அணையைத் தாண்டிச் சென்றது. ஆகவே வெள்ளத்தை மேலே ஓரிடத்தில் நிறுத்தி, கால்வாய் ஏற்கும் வேகத்தில் சிறிது சிறிதாக விடுவிப்பதே தீர்வெனக் கருதப்பட்டது. அந்த ஓரிடமே பூண்டி.

4. பூண்டி அணைக்கட்டு: 1940–1944

பூண்டி, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் சென்னைக்கு மேற்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் உள்ளது. கொசஸ்தலை ஆறு காவேரிப்பாக்கம் ஏரியின் மிகைநீரையும், கேசவரம் அணைக்கட்டு வழியாக வரும் நீரையும், ஆந்திர எல்லையில் தோன்றும் நகரி ஆற்றின் நீரையும் ஏற்றுக்கொண்டு பூண்டியை அடைகிறது. துணையாறுகள் சேர்ந்த பின்னர், தாமரைப்பாக்கத்திற்கு முன்னர் அமைந்திருப்பதே இவ்விடத்தின் சிறப்பு.

இத்திட்டம் நிறைவேறிய அரசியற் சூழல் வழக்கத்திற்கு மாறானது. 1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. இந்தியரைக் கலந்துகொள்ளாமல் இந்தியா போரில் ஈடுபடுத்தப்பட்டதை எதிர்த்து, இராஜாஜி தலைமையிலான காங்கிரசு அமைச்சரவை அக்டோபர் இறுதியில் பதவி விலகியது. மாகாண நிர்வாகம் ஆளுநரின் நேரடிப் பொறுப்பில் வந்தது. அதே வேளையில் மாநகரத் தந்தையாகப் பொறுப்பேற்றவர் காங்கிரசின் முன்னணித் தலைவர்களுள் ஒருவரான எஸ். சத்தியமூர்த்தி. கட்சி அரசிலிருந்து விலகி நின்றது. நகரமோ கடும் நீர்ப் பற்றாக்குறையில் இருந்தது. தாம் எதிர்த்துப் போராடிய ஆட்சியின் ஆளுநரிடமே நகரின் குடிநீருக்காக வாதாட வேண்டிய நிலை அவருக்கு ஏற்பட்டது.

போர்க்காலத்தில் பெரும் பொதுப்பணி ஒன்றுக்கு இசைவு பெறுவது எளிதன்று. சத்தியமூர்த்தியின் முயற்சியால், அவர் பொறுப்பேற்ற ஓராண்டிற்குள் 1940 ஆகஸ்டில் ஆளுநர் ஆர்தர் ஹோப் அடிக்கல் நாட்டினார். பணி 1944-இல் முடிந்து, அதே ஆளுநரால் நீர்த்தேக்கம் திறந்துவைக்கப்பட்டது. சத்தியமூர்த்தி அதைக் காணவில்லை. வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் கைதாகி உடல்நலம் குன்றிய அவர் 1943 மார்ச் 28 அன்று மறைந்தார். நீர்த்தேக்கம் பின்னர் அவர் பெயரைப் பெற்றது. ஒரு திட்டத்தைத் தொடங்கியவரைச் சிறையில் வைத்த அரசே அதை முடித்துத் திறந்தது என்பது காலனிய இறுதிக்கால நகராட்சி அரசியலின் சிக்கலைக் காட்டும் நிகழ்வாகும்.

நீர்த்தேக்கத்தின் தொடக்கக் கொள்ளளவு 2,573 மில்லியன் கன அடி. செலவு ஏறத்தாழ 65 லட்சம் ரூபாய். மேட்லி கணக்கிட்ட நாள் தேவையான 7.5 கோடி லிட்டரை ஆண்டுக்குப் பெருக்கினால் ஏறத்தாழ 970 மில்லியன் கன அடி வரும். அதாவது, முழுமையாக நிரம்பிய பூண்டி, ஆவியாதலையும் கசிவையும் கணக்கில் கொள்ளாவிடின், அத்தேவையை இரண்டரை ஆண்டுகளுக்கும் மேலாக நிறைவு செய்யும் அளவினது. திட்டத்தின் பேரளவு இவ்வொப்பீட்டால் விளங்கும். ஆனால் மதிப்பீடு மீண்டும் பின்தங்கியது. நீர்த்தேக்கம் திறக்கப்பட்ட ஏழாண்டுகளில், 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், எல்லை விரிவாக்கமும் சேர்ந்து நகரின் மக்கள்தொகை 14.16 லட்சமாகியிருந்தது.

5. நீரில் மூழ்கிய திருவெண்பாக்கம்

நீர்த்தேக்கம் அமைந்த இடம் வெற்றிடமன்று. அதன் நீர்ப்பரப்பிற்குள் அடங்கிய ஊர்களுள் திருவிளம்பூதூர் ஒன்று. அவ்வூரே தேவாரம் பாடும் திருவெண்பாக்கம். தொண்டை நாட்டுப் பாடல் பெற்ற தலங்களுள் ஒன்றான அங்குக் கோயில் கொண்ட இறைவன் ஊன்றீசுவரர் எனப்படுகிறார்.

இப்பெயருக்குரிய வரலாற்றைப் பெரியபுராணம் கூறுகிறது. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்து, அவரைப் பிரியேன் எனச் சூளுரைத்த சுந்தரர், திருவாரூரை நினைந்து சூளுறவை மீறி ஒற்றியூர் எல்லையைக் கடந்ததும் பார்வை இழந்தார். பார்வையின்றி வழிநடந்து திருவெண்பாக்கத்தை அடைந்த அவருக்கு இறைவன் கண்ணைத் தரவில்லை. ஊன்றுகோல் ஒன்றைத் தந்தார். அங்கிருந்து காஞ்சி சென்று ஒரு கண்ணையும், திருவாரூரில் மற்றொரு கண்ணையும் பெற்றார். சுந்தரரின் இப்பயண வழியில் ஒரு தங்குமிடமாக இருந்த ஊர், இருபதாம் நூற்றாண்டில் ஒற்றியூரையும் உள்ளடக்கி வளர்ந்த நகரின் குடிநீருக்காக மூழ்கியது.

கோயில் பழைய இடத்திலிருந்து அகற்றப்பட்டு, திருவுருவங்கள் பூண்டிக் கரையில் எழுப்பப்பட்ட புதிய கோயிலில் நிறுவப்பட்டன. அப்புதிய கோயிலின் குடமுழுக்கு 1968-இல் நடந்தது. நீர்த்தேக்கம் திறக்கப்பட்டதற்கும் குடமுழுக்கிற்கும் இடையே 24 ஆண்டுகள். அணை நான்கு ஆண்டுகளில் முடிந்தது. அணையால் இடம் பெயர்ந்த கோயில் மீண்டும் முழு நிலை பெற ஒரு தலைமுறைக்காலம் ஆயிற்று.

இவ்விரு கால அளவுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது வரலாற்றாய்வுக்கு இன்றியமையாதது. 65 லட்சம் ரூபாய் என்னும் செலவுக் கணக்கில் மண்கரைக்கும் மதகுக்கும் இடம் உண்டு. நிலத்திற்கு அன்று நடைமுறையிலிருந்த 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்படி இழப்பீட்டு முறை உண்டு. ஓர் ஊரின் வழிபாட்டுத் தொடர்ச்சிக்கு அத்தகைய கணக்கில் இடமில்லை. திருவெண்பாக்கம் பாடல் பெற்ற தலமாக இருந்தமையால் அதன் இடப்பெயர்ச்சி நினைவில் நின்றது. பதிகம் பெறாத ஊர்த்தெய்வங்களுக்கும் சுடுகாட்டுக்கும் களத்துமேட்டுக்கும் அத்தகைய நினைவுச் சான்று வாய்ப்பதில்லை.

6. கான்கிரீட் கால்வாயும் 'இழப்பு' என்னும் கருத்தும்

பூண்டி கட்டப்பட்ட பின்னரும் அதன் நீர் ஆற்றுப்படுகை வழியாகவே தாமரைப்பாக்கத்திற்கு விடப்பட்டது. அங்கு முன்போலவே திருப்பப்பட்டுச் சோழவரம், புழல் ஏரிகளை அடைந்தது. இவ்வழியில் பெருமளவு நீர் மணலில் இறங்கியது. நகரின் கணக்கில் இது கடத்தல் இழப்பு. இதைத் தவிர்க்கும் பொருட்டுப் பூண்டியிலிருந்து காரையிட்ட கால்வாய் ஒன்று 1972-இல் அமைக்கப்பட்டது. ஆற்றுப்படுகை குடிநீர் கொண்டுவரும் வழி என்னும் நிலையிலிருந்து விலக்கப்பட்டது.

மணலில் இறங்கிய நீர் எங்கே சென்றது என்னும் கேள்வி இங்கு எழுகிறது. அது படுகையின் இருபுறமும் இருந்த ஊர்களின் கிணறுகளுக்குச் சென்றது. அணைக்கு மேலே தேக்கப்பட்ட வெள்ளம் ஏற்கெனவே கீழ்நிலத்திற்குக் குறைந்திருந்தது. இப்போது விடுவிக்கப்பட்ட நீரும் படுகையைத் தொடாமல் சென்றது. நகரத்திற்கு இழப்பாகத் தோன்றிய கசிவு, கிராமத்திற்கு வருவாயாக இருந்தது. ஒரே நீர் இரு கணக்குப் புத்தகங்களில் இரு வேறு பக்கங்களில் எழுதப்படுவது இதனால் விளங்கும்.

இதில் மேலும் ஒரு முரண் உண்டு. 1960-களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் ஆரணி–கொசஸ்தலை ஆற்றுப்படுகையின் நிலத்தடி நீர் ஆராயப்பட்டது. அதன் தொடர்ச்சியாகத் தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர் முதலிய இடங்களில் கிணற்றுத் தொகுதிகள் அமைக்கப்பட்டு நகருக்கும் தொழிற்சாலைகளுக்கும் நீர் எடுக்கப்பட்டது. ஆற்றுப்படுகையில் நீர் இறங்குவதைத் தடுத்து மேற்பரப்பு நீரைச் சேமித்த நகரமே, அதே படுகையின் அடியிலிருந்து நீரை இறைத்தது. மிகை இறைப்பின் விளைவாக மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் நிலத்தடியில் உட்புகுந்தது. கடலில் கலக்கும் நீர் வீண் என்று கருதிய காலம் போய், கடலை நோக்கிச் செல்லும் நன்னீரே கடலைத் தடுத்து நிறுத்துகிறது என்பதை அறியும் காலம் வந்தது. ஆறு கடலை அடைவதும் பயனே என்னும் இவ்வறிவு, ஏற்கெனவே உவர்ப்பாகிவிட்ட கிணறுகளின் வழியாகவே பெறப்பட்டது.

7. கிருஷ்ணா நீரும் அணையின் விரிவாக்கமும்

கொசஸ்தலை ஆறு தரக்கூடிய நீர் நகரின் வளர்ச்சிக்கு ஈடுகொடுக்க முடியாதது என்பது தெளிவான பின், வேற்று ஆற்றுப்படுகையை நாடுவது தவிர்க்க இயலாததாயிற்று. 1976-இல் மகாராட்டிரம், கருநாடகம், ஆந்திரப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களும் கிருஷ்ணா நீரில் தம் பங்கிலிருந்து தலா 5 டி.எம்.சி. அளிக்க இசைந்தன. 1983 ஏப்ரலில் ஆந்திரப் பிரதேசமும் தமிழ்நாடும் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி, 15 டி.எம்.சி.யில் 3 டி.எம்.சி. வழியில் ஏற்படும் இழப்பாகக் கழிக்கப்பட்டு, 12 டி.எம்.சி. தமிழ்நாட்டு எல்லையில் வழங்கப்பட வேண்டும். சூலை முதல் அக்டோபர் வரை 8 டி.எம்.சி., சனவரி முதல் ஏப்ரல் வரை 4 டி.எம்.சி. என அது பகுக்கப்பட்டது.

சிறீசைலம் நீர்த்தேக்கத்திலிருந்து எடுக்கப்படும் நீர் சோமசிலா, கண்டலேறு நீர்த்தேக்கங்கள் வழியாக வருகிறது. கண்டலேறிலிருந்து ஆந்திர எல்லைக்குள் ஏறத்தாழ 152 கி.மீ. கடந்து, ஊத்துக்கோட்டை அருகே சுழியப் புள்ளி எனப்படும் எல்லையிடத்தை அடைகிறது. அங்கிருந்து 25 கி.மீ. தொலைவில் பூண்டி உள்ளது. எல்லையைத் தாண்டிய நீர் முதலில் தங்கும் இடம் பூண்டி என்பதால், அதனை விரிவாக்குவது திட்டத்தின் இன்றியமையாப் பகுதியாயிற்று. நீர்மட்டம் உயர்த்தப்பட்டு, கொள்ளளவு 2,573 மில்லியன் கன அடியிலிருந்து 3,231 மில்லியன் கன அடியாக்கப்பட்டது. 658 மில்லியன் கன அடி கூடுதல். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு உயர்வு. பூண்டியைச் செம்பரம்பாக்கத்துடன் இணைக்கும் கால்வாயும் அமைக்கப்பட்டது. புழல், சோழவரம் ஏரிகளைப் போன்றே செம்பரம்பாக்கமும் பழைய பாசன ஏரி. அதுவும் கொள்ளளவு பெருக்கப்பட்டுக் குடிநீர்த் தேக்கமாயிற்று. 1866-இல் தொடங்கிய முறை 1990-களில் மீண்டும் நிகழ்ந்தது. கிருஷ்ணா நீர் 1996-இல் முதன்முறையாகத் தமிழ்நாட்டு எல்லையை வந்தடைந்தது.

விரிவாக்கத்தின் பொருளை எண்கள் தெளிவாக்குகின்றன. ஒரு டி.எம்.சி. 1,000 மில்லியன் கன அடி. ஆதலின் 12 டி.எம்.சி. என்பது விரிவாக்கப்பட்ட பூண்டியின் முழுக் கொள்ளளவைப் போல் மூன்றரை மடங்கிற்கும் மேற்பட்டது. சூலை முதல் அக்டோபர் வரை 8 டி.எம்.சி. சீராக வருமாயின், நாளொன்றுக்குச் சராசரியாக 65 மில்லியன் கன அடி வரும். வெற்றுத் தேக்கம் ஐம்பது நாள்களில் நிரம்பிவிடும். எனவே பூண்டி இந்நீரைச் சேமித்து வைக்கும் இடமாக இருக்க இயலாது. வாங்கி வேறிடங்களுக்குக் கடத்தும் இடமாகவே இருக்க இயலும். 1944-இல் தேக்கமாகக் கட்டப்பட்டது விரிவாக்கத்திற்குப் பின் பெரிதும் இடைநிலைக் கலமாயிற்று.

இங்குக் கால ஒழுங்கு பற்றிய சிக்கலும் உண்டு. கிருஷ்ணா நீரின் பெரும்பகுதி அக்டோபர் இறுதிக்குள் வருமாறு வகுக்கப்பட்டுள்ளது. கொசஸ்தலையின் வெள்ளமோ அக்டோபருக்குப் பின்னரே வருகிறது. வெளியிலிருந்து வந்த நீரால் தேக்கம் நிறைந்திருக்கையில் சொந்த ஆற்றின் வெள்ளம் வந்தால் அதற்கு இடமிராது. வெள்ளத்தை எதிர்பார்த்துத் தேக்கத்தைக் காலியாக வைத்தால், பருவமழை பொய்க்கும் ஆண்டில் நகரம் வறளும். உயர்த்தப்பட்ட கொள்ளளவு இம்முரணை ஓரளவு தணித்தது, நீக்கவில்லை. எந்த வெள்ளத்தைத் தேக்குவதற்காக அணை கட்டப்பட்டதோ, அதே வெள்ளத்தைக் கீழே விட வேண்டிய சூழலும் விரிவாக்கப்பட்ட அணையின் இயக்கத்தில் உள்ளடங்கியது.

மற்றொரு மாற்றம் உரிமை தொடர்பானது. கிருஷ்ணா நீரைக் கொண்டுவரும் தெலுங்கு கங்கைத் திட்டம் சென்னைக்கு மட்டும் உரியதன்று. இராயலசீமை, நெல்லூர்ப் பகுதிகளின் பாசனத்திற்கும் உரியது. நீண்ட மண் கால்வாயில் கசிவும், வழியில் எடுக்கப்படும் நீரும் சேர, தொடக்க ஆண்டுகளில் உடன்படிக்கை அளவான 12 டி.எம்.சி. கிட்டவில்லை. 2002-க்குப் பின் சத்திய சாய் அறக்கட்டளையின் நிதியுதவியால் கண்டலேறு–பூண்டிக் கால்வாய் சீரமைக்கப்பட்டுக் காரையிடப்பட்ட பின்னரே வரத்து முன்னேறியது.

பாசன வழக்கில் கால்வாயின் தலைப்பில் உள்ளவர் தலைமடையர். கடைசியில் உள்ளவர் கடைமடையர். தலைமடையில் எடுத்தது போக எஞ்சியதே கடைமடைக்கு வரும் என்பது உழவர் அறிந்த உண்மை. கொசஸ்தலைப் படுகையில் சென்னை தலைமடையின் இடத்தில் நின்றது. ஆற்றை மேலேயே மறித்து, கீழுள்ள ஊர்களைக் கடைமடையாக்கியது. கிருஷ்ணாக் கால்வாயில் அதே நகரம் கடைமடையின் இடத்திற்கு வந்தது. கடைமடை உழவர் ஒவ்வொரு பருவத்திலும் எழுப்பும் முறையீட்டை, சுழியப் புள்ளியில் நீரளவைக் கணக்கிட்டு மாநகரம் எழுப்பலாயிற்று.

8. முடிவுரை

பூண்டிக்குப் பின் சென்னைக்கெனப் புதிதாக அமைந்த நீர்த்தேக்கம் கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை. 500 மில்லியன் கன அடிக் கொள்ளளவுடன் அது 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. இரு ஊர்களின் ஏரிகளை இணைத்தும் விரித்தும் அது உருவாக்கப்பட்டது. ஃபிரேசர் காலத்தில் புழலில் தொடங்கிய முறை அங்கும் தொடர்கிறது.

மேற்கூறிய ஆய்வால் பெறப்படும் முடிபுகள் பின்வருமாறு:

முதலாவதாக, சென்னையின் குடிநீர்த் தேக்கங்களுள் பெரும்பாலானவை பாசன ஏரிகளின் விரிவாக்கமே. ஆற்றின் குறுக்கே புதிதாக எழுந்த பூண்டியும் ஊர்களின் மீதும் கீழ்நிலத்துப் பயன்பாட்டின் மீதுமே எழுந்தது. எனவே ஒவ்வொரு விரிவாக்கமும் நீரின் அளவில் நேர்ந்த மாற்றமாக இருந்ததோடு உரிமையில் நேர்ந்த மாற்றமாகவும் இருந்தது.

இரண்டாவதாக, 1866-இல் கடலுக்குச் சென்ற வெள்ளம், 1972-இல் மணலில் இறங்கிய கசிவு என வீண் நீர் வெவ்வேறு வடிவில் அடையாளம் காணப்பட்டது. மாநிலங்களுக்கிடையேயான உடன்படிக்கையில் வழி இழப்பிற்கு 3 டி.எம்.சி. என்று எண் குறிக்கப்பட்டது. ஏனெனில் அங்கு இழப்பவரும் பெறுபவரும் எதிரெதிரே அமர்ந்து பேசினர். கொசஸ்தலைக் கரை ஊர்கள் இழந்த நீருக்கு அத்தகைய எண் எதுவும் குறிக்கப்படவில்லை. அவ்வூர்களுக்கு அப்படியோர் உடன்படிக்கை மேசை இருந்ததில்லை.

மூன்றாவதாக, பூண்டியின் விரிவாக்கம் நகரின் நீர்ப் பாதுகாப்பை வலுப்படுத்தியது போலவே அதன் சார்பு நிலையையும் மிகுவித்தது. 1944-இல் நகரம் ஓர் ஆற்றின் மழையைச் சார்ந்திருந்தது. 1996-க்குப் பின் அது மூன்று மாநிலங்களின் இசைவையும், நெடுந்தொலைவுக் கால்வாயின் நிலையையும், வழியிலுள்ள உழவரின் தேவையையும் சார்ந்து நிற்கிறது.

நீர்த்தேக்கம் வற்றும் கோடைகளில் பூண்டியின் படுகை வெளிப்படுகிறது. அணையின் வரலாற்றை எழுதுவோர் 2,573, 3,231 என்னும் கொள்ளளவுக் கணக்குகளுடன், அப்படுகையில் இருந்த ஊர்களையும் மதகுக்குக் கீழே வறண்ட கிணறுகளையும் சேர்த்து எண்ண வேண்டும். அடுத்த விரிவாக்கம் திட்டமிடப்படும்போது, எந்த நீர் வீண் என்னும் கேள்வியை நகரத்திடம் கேட்பதோடு, அந்நீர் இப்போது எங்கே செல்கிறது என்னும் கேள்வியை ஆற்றங்கரையிலும் கேட்டறிய இவ்வரலாறு துணைபுரியும்.